ஹூக்ளிக் கரையில் விருந்தினர்

தமிழில் ‘துறை’ என்பது பொருள் செறிந்த ஒரு சொல். ஆற்றில் இறங்கி நீராடும் இடமும் துறை. கலங்கள் வந்து தங்கும் இடமும் துறை. ஒருவர் ஆழ்ந்து கற்கும் கல்விப் பிரிவும் துறையே. ‘வங்கம்’ என்னும் சொல்லும் அத்தகையது. அஃது ஒரு நாட்டின் பெயர். பழந்தமிழில் அதுவே கடலோடும் கப்பலுக்கும் பெயர். வங்க நாட்டின் துறைகளில் வங்கம் ஏறி வரும் விருந்தினரை எவ்வாறு வரவேற்று ஊர் காட்டுவது என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வாறு வருவோர் யாவர்? கொல்கத்தாவில் ஏறி, ஹூக்ளி ஆற்றின் வழியே முர்ஷிதாபாத் வரையிலும் அதற்கு அப்பாலும் சென்று வரும் உல்லாசக் கப்பல்கள் சில ஆண்டுகளாக ஓடி வருகின்றன. பல நாள் ஆற்றிலேயே தங்கி, பகற்பொழுதில் கரையிறங்கி ஊர்களைக் கண்டு, மாலையில் கப்பலுக்குத் திரும்புவது இப்பிரயாணத்தின் முறை. 2023-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் காசியிலிருந்து புறப்பட்ட ‘கங்கா விலாஸ்’ என்னும் கப்பல், கொல்கத்தா வழியாக வங்கதேசத்துள் புகுந்து, 51 நாட்களில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் கடந்து அசாமிலுள்ள திப்ருகரை அடைவதாகத் திட்டமிடப்பட்டது. அதில் 36 பிரயாணிகளுக்கே இடமுண்டு. முதற்பயணத்தில் வந்தவர்கள் சுவிட்சர்லாந்து நாட்டார். ஆற்றுக் கப்பல்கள் யாவும் இவ்வாறு சிறியனவே.

பெருங்கடலில் ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் பெருங்கப்பல்கள் கொல்கத்தாவுக்கு ஏன் வருவதில்லை என்று சிலர் வினவலாம். விடை ஆற்றிலேயே இருக்கிறது. கொல்கத்தாத் துறைமுகம் கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளடங்கி இருப்பது. இடையில் ஆறு பல இடங்களில் வளைந்து செல்லும். மணற்றிட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆற்றின் போக்கைப் பயின்ற வழிகாட்டி மாலுமி ஏறாமல் கடற்கப்பல் எதுவும் உள்ளே வருவதில்லை. நீளமும் ஆழமும் மிக்க கப்பல்கள் இவ்வளைவுகளில் திரும்புதல் அரிது. இக்காரணம் பற்றியே 1977-ஆம் ஆண்டில் கடலுக்கு அண்மையில் ஹால்தியாத் துறை திறக்கப்பட்டது. ஆற்றில் நீர்வரத்தைப் பெருக்குதற்கென்று 1975-ஆம் ஆண்டு முதல் பராக்கா அணையிலிருந்து கங்கை நீர் கால்வாய் வழியே திருப்பி விடப்படுகிறது. ஆகவே, ஹூக்ளியில் விருந்தினரைக் கொண்டு வருவன ஆழமற்ற நீரிலும் செல்லத்தக்க ஆற்றுக் கப்பல்களே.

சிறு கூட்டமாக வருவது நன்மையே. ஆயினும் அவர்களுக்கு ஓர் ஊரில் கிடைக்கும் காலம் மூன்று மணி நேரம் அல்லது நான்கு மணி நேரம். அதற்குள் அவர்கள் எதைக் கண்டு, எதைக் கேட்டுத் திரும்புகிறார்களோ, அதுவே அவர்கள் மனத்தில் அவ்வூரின் உருவமாக என்றும் நிற்கும். அழுக்கும் நெரிசலும் கண்டோம் என்று ஒருவர் செல்லக்கூடும். இடிந்த கட்டடம் சில கண்டோம் என்று மற்றொருவர் செல்லக்கூடும். இருநூறு, முந்நூறு ஆண்டு உழைப்பால் உருவான ஊர் ஒன்றைக் கண்டோம் என்று உணர்ந்து செல்வோர் உடன் வந்தவர் காட்டிய முறையால் அதனை உணர்ந்தவராவர். ஊர் காட்டுவோர் கையில் ஊரின் மானம் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதில் தமிழர்க்கு என்ன தொடர்பு என்று வங்காளத்தில் வாழும் நம் அன்பர்கள் கேட்கலாம். தொடர்பு மிக நெருங்கியது. கொல்கத்தாவிலிருந்து வடக்கே ஆற்றின் வழிச் சென்றால், ஒரே பகற்பொழுதில் பார்த்துவிடக்கூடிய தொலைவுக்குள் ஐந்து ஐரோப்பிய நாட்டினர் குடியிருந்த ஊர்கள் வரிசையாக வரும். ஆங்கிலேயர்க்குக் கொல்கத்தா, டேனிஷ்காரர்க்குச் செராம்பூர், பிரெஞ்சுக்காரர்க்குச் சந்தன்நகர், டச்சுக்காரர்க்குச் சின்சுரா, போர்த்துக்கீசியர்க்கு ஹூக்ளியும் அதனை ஒட்டிய பாண்டெலும். இவ்வைவரும் இங்கு வருவதற்கு முன்னரே நம் சோழமண்டலக் கரையில் இடம் பெற்றிருந்தவர்கள். போர்த்துக்கீசியர் மயிலாப்பூர்ச் சாந்தோமில் இருந்தனர். டச்சுக்காரர் பழவேற்காட்டிலும் பின்பு நாகப்பட்டினத்திலும் இருந்தனர். டேனிஷ்காரர் 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். ஆங்கிலேயர் 1639-ஆம் ஆண்டில் சென்னையில் நிலம் பெற்றனர். பிரெஞ்சுக்காரர் 1674-ஆம் ஆண்டில் புதுச்சேரியில் காலூன்றினர். நம் கடற்கரையின் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஹூக்ளிக் கரையில் ஓர் உடன்பிறப்பு உண்டு.

இவ்வுறவு பெயரளவில் நின்றதன்று. 1690-ஆம் ஆண்டில் சூதாநுட்டித் துறையில் வந்திறங்கிய ஜாப் சார்னாக் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர். சந்தன்நகரில் பத்தாண்டு தலைமை வகித்த தூப்ளே, 1742-ஆம் ஆண்டில் புதுச்சேரியின் ஆளுநரானார். செராம்பூரும் தரங்கம்பாடியும் 1845-ஆம் ஆண்டில் ஒரே உடன்படிக்கையால், ஏனைய டேனிஷ் உடைமைகளோடு சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. ஐரோப்பியர் வரவுக்கு முன்னும் வழி இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பண்டங்களுள் கங்கைநாட்டுப் பொருளையும் பட்டினப்பாலை கூறுகிறது. இராசேந்திர சோழன் படை வென்றதாகத் திருமலைக் கல்வெட்டுக் குறிக்கும் தக்கணலாடம் என்பது ஹூக்ளிக்கு மேற்கே கிடக்கும் தென் ராட நாடே. ஆதலின், கொல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழர் இவ்வாற்றங்கரையில் அயலார் அல்லர். இவ்வூர்களின் கதையில் பாதியை அவர்கள் பிறந்த மண்ணிலேயே கற்று வந்தவர்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்க்கும், கப்பலில் வரும் வெளிநாட்டார்க்கும் இதனை எடுத்துச் சொல்லும் தகுதி அவர்களுக்கு இயல்பாக உண்டு.

இனி, காட்டும் முறையைப் பார்ப்போம். முதலில் கொல்கத்தாக் கரை. கப்பல் ஏறுமுன் விருந்தினர்க்கு அரைநாள் கிடைத்தால், நகரம் முழுவதையும் சுற்றிக்காட்ட முயலுதல் வேண்டா. ஆற்றங்கரையை மட்டும் காட்டினால் போதும். ஏனெனில், இந்நகரம் ஆற்றால் பிறந்தது. சூதாநுட்டி, கலிகாதா, கோவிந்தபூர் என்னும் மூன்று சிற்றூர்கள் ஆற்றின் கீழ்க்கரையில் அடுத்தடுத்து இருந்தன. அவற்றின் வாணிகமே பெருகிப் பெருநகரமாயிற்று. சார்னாக்கை இந்நகரை நிறுவியவர் எனக் கொள்ளலாகாது என்று 2003-ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. இதனை விருந்தினர்க்கு மறவாமல் சொல்ல வேண்டும். ஒருவன் வந்திறங்கிய நாளிலிருந்து ஊரின் வரலாறு தொடங்குவதில்லை. அவனுக்கு முன்னும் அங்கே நெய்வோரும் விற்போரும் வழிபடுவோரும் இருந்தனர்.

கரையில் நிற்கும் பிரின்செப் துறை மண்டபம் தமிழர் எவரும் காணத்தக்கது. நாணயச் சாலையில் அலுவல் பார்த்த ஜேம்ஸ் பிரின்செப் என்பவர், அசோகன் கல்வெட்டுகளிலுள்ள பிராமி எழுத்தை 1837-ஆம் ஆண்டில் முழுமையாகப் படித்தறிந்தார். அக்கல்வெட்டுகளில் ‘பியதசி’ என்று வரும் அரசன் அசோகனே என்று தெளிவதற்கு, இலங்கையிலிருந்த ஜார்ஜ் டர்னர் பாலி நூல்களைக் கொண்டு உதவினார். அவ்வெழுத்துப் படிக்கப்பட்ட பின்னரே, நம் பாண்டிநாட்டு மலைக்குகைகளில் காணும் பழந்தமிழ் எழுத்துகளை அறிஞர் படிப்பதற்கும் வழி பிறந்தது. பிரின்செப் 1840-ஆம் ஆண்டில் தம் நாற்பதாம் வயதில் மறைந்தார். அவர் நினைவாக நகரத்தார் எழுப்பியதே இம்மண்டபம். வெண்தூண்களைக் காட்டி, ‘இது கிரேக்கப் பாணி’ என்று கூறி நகர்வதால் பயன் என்ன? மாங்குளத்துக் குகையையும் இம்மண்டபத்தையும் இணைக்கும் இழை எது என்று சொன்னால், கேட்பவர் அங்கே ஒருகணம் நிற்பார்.

அங்கிருந்து வடக்கே வந்தால் ஹௌரா பாலம். 1943-ஆம் ஆண்டில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட இப்பாலத்துக்கு ஆற்றின் நடுவே தூண் கிடையாது. 26,500 டன் எஃகில் ஏறத்தாழ 23,000 டன் இந்நாட்டிலேயே டாடா ஆலையில் வார்த்தது. 1965-ஆம் ஆண்டு முதல் ரவீந்திர சேது என்பது இதன் பெயர். பாலத்தின் கீழ்ப்புறத்தே மல்லிக் துறையின் பூச்சந்தை விடியற்காலையிலேயே கூடும். சாமந்தி மாலைகள் மலைபோல் குவிந்திருக்கும் அக்காட்சியைக் காலைப்பொழுதில் காண்பதே நன்று. இன்னும் வடக்கே குமாரதுலி என்னும் குயவர் சேரி. ஆற்றின் களிமண்ணையும் வைக்கோலையும் கொண்டு துர்க்கையின் திருவுருவங்களை அங்கே வனைகின்றனர். கொல்கத்தாவின் துர்க்கா பூசையை 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. பூ, மண், எஃகு ஆகிய இம்மூன்றையும் ஆற்றின் கரையிலேயே காட்டிவிடலாம்.

கப்பல் வடக்கே புறப்பட்டால், தட்சிணேசுவரத்துக் காளி கோயிலும் எதிர்க்கரையில் பேலூர் மடமும் கடந்து, ஒருபுறம் பாரக்பூரும் மறுபுறம் செராம்பூரும் எதிரெதிராகத் தோன்றும். வங்காளியர் செராம்பூரை ஸ்ரீராம்பூர் என்றே வழங்குவர். இராமர் கோயிலால் பெற்ற பெயர் என்பர். சிற்றூராயினும், துறையூர் ஒன்றைக் காட்டும் முறைக்கு இதனையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கரையிறங்குமுன் ஆற்றின் இயல்பை விருந்தினர்க்குச் சொல்லிவிட வேண்டும். ஹூக்ளி கடலின் ஓதம் ஏறி இறங்கும் ஆறு. நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். வங்காளியர் ஏற்றத்தை ‘ஜோயார்’ என்றும் வற்றத்தை ‘பாட்டா’ என்றும் சொல்லுவர். ஏறும் நேரம் குறைவு. வற்றும் நேரம் மிகுதி. ஒருநாள் கண்ட நேரத்திலேயே மறுநாளும் ஏற்றம் வாராது. நாளுக்கு முக்கால்மணி முதல் ஒருமணி வரை தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சிற்சில காலங்களில் ஓதம் நீர்ச்சுவர்போல் எழுந்து ஆற்றின் மேல்நோக்கிப் பாயும். அதனை ‘பான்’ என்பர். அப்போது படகோட்டிகள் கரையில் கட்டிய படகுகளையும் அவிழ்த்து நடு ஆற்றுக்குக் கொண்டுபோவது வழக்கம். பெரும்பாலான ஊர்களில் கப்பல் ஆற்றின் நடுவே நங்கூரமிட, பிரயாணிகள் சிறு படகில் கரை சேர்வர். நீர் வற்றிய நேரமாயின் துறையின் கீழ்ப்படிகள் வண்டல் படிந்து வழுக்கும். முதியோர் பலர் வரும் கூட்டத்தில் இஃது அற்பச் செய்தியன்று. திரும்பும் நேரத்தைக் கடிகாரம் மட்டுமின்றி ஆறும் வகுக்கிறது என்பதை முன்னரே சொல்லிவிட்டால், பின்னர் அவசரமும் மனக்கசப்பும் உண்டாகா.

செராம்பூரின் கதை சுருக்கமானது. நவாபு அலிவர்திகானின் இசைவு பெற்று 1755-ஆம் ஆண்டில் டேனிஷ்காரர் இங்கே வாணிக நிலையம் அமைத்தனர். தம் அரசர் ஐந்தாம் பிரெடரிக்கின் பெயரால் ஊருக்குப் பிரெடரிக்ஸ் நகர் என்று பெயரிட்டனர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்ட காலங்களில் டென்மார்க்கு நடுநிலையில் நின்றது. நடுநிலைக் கொடி பறக்கும் கப்பலில் சரக்கேற்றினால் எதிரியிடம் பறிபோகாது அன்றோ? ஆகவே பருத்தித் துணியும் வெடியுப்பும் பிறவும் இத்துறைக்குப் பெருகி வந்தன. போர் நடந்தபோது வாழ்ந்து, போர் நின்றபோது தளர்ந்த ஊர் இது. இந்த ஒரு செய்தியைக் கூறாமல் எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும், அஃது ஏன் அங்கே நிற்கிறது என்பது விளங்காது.

படகு கரை சேரும் பக்கத்தில் நிஷான் துறை உள்ளது. ‘நிஷான்’ என்றால் கொடி. அதன் அருகே 1786-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டேனிஷ் விடுதி நிற்கிறது. ஆற்றில் வந்தவர் உண்டு உறங்கிச் செல்வதற்கென்று அமைந்த இல்லம் அது. பிற்காலத்தில் கூரை விழுந்து, சுவரில் மரம் முளைத்து, பாழ்மனையாகக் கிடந்தது. மேற்கு வங்க அரசின் மரபுக் கட்டட ஆணையமும் டென்மார்க்கு நாட்டினரும் கூடி அதனைச் செப்பனிட்டு, 2018-ஆம் ஆண்டில் மீண்டும் விடுதியாகவே திறந்தனர். நடை தொடங்குவதற்கு ஏற்ற இடம் இதுவே. விருந்தினரை முதலில் அமர்த்தி, நீரும் தேநீரும் அளித்து, அன்றைய வழியை ஒரு சிறு படத்தில் காட்டிவிட்டுப் புறப்படுதல் நன்று. களைத்தவர் தங்கவும், தூய்மைக்கு வேண்டிய வசதி பெறவும் அதுவே உதவும்.

அடுத்துக் காணத்தக்கது புனித ஒலாவ் தேவாலயம். நெடுங்காலம் இங்கே ஆட்சித் தலைவராயிருந்த ஓலே பீ என்பவர் அதனைத் தொடங்கினார். பொதுமக்களிடம் பொருள் திரட்டிக் கட்டிய ஆலயம் அது. ஆங்கிலத் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியும் ஆயிரம் ரூபாய் உதவினார். ஓலே பீ 1805-ஆம் ஆண்டில் மறைந்தார்; ஆலயம் 1806-ஆம் ஆண்டில் முடிந்தது. முகப்பில் ஏழாம் கிறிஸ்டியன் அரசரின் முத்திரை இன்றும் உண்டு. எதிர்க்கரையில் பாரக்பூர் மாளிகையிலிருந்து பார்ப்போர் கண்ணுக்கு இதன் கோபுரம் அணிசெய்தது என்பர். இவ்வாலயமும் நம் காலத்தில் கூரை நலிந்து, உள்ளே கூடி வழிபட இயலாத நிலையை அடைந்தது. செப்பனிட்ட பின் 2016-ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆசிய பசிபிக் பகுதி மரபுப் பாதுகாப்புக்கென யுனெஸ்கோ வழங்கும் பரிசும் பெற்றது. இங்கே விருந்தினர்க்குப் பழைமையை மட்டும் காட்டாமல், பழுது பார்த்த கைகளையும் நினைவூட்ட வேண்டும். கொத்தனாரும் தச்சரும் இவ்வட்டாரத்தாரே.

அங்கிருந்து ஆற்றை ஒட்டிச் சென்றால் செராம்பூர்க் கல்லூரி. இதுவே ஊரின் மணிமுடி. இங்கிலாந்தில் செருப்புத் தைத்து வாழ்ந்த வில்லியம் கேரி 1793-ஆம் ஆண்டில் வங்காளம் வந்தார். ஆங்கிலக் கம்பெனி தன் எல்லைக்குள் பாதிரிமார் தொண்டு செய்ய இசையவில்லை. டேனிஷ் கொடியின் நிழலில் 1800-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் செராம்பூருக்குக் குடிபெயர்ந்தார். மார்ஷ்மன், வார்டு என்னும் இருவரோடு அச்சகம் நிறுவினார். வங்காள எழுத்துகளை வெட்டி வார்த்தவர் பஞ்சானன் கர்மகார் என்னும் கருமார். அவர் கைத்திறன் இன்றேல் அச்சகம் ஊமையாய் இருந்திருக்கும். முதல் முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 40 மொழிகளில் இங்கே நூல்கள் அச்சாயின. 1818-ஆம் ஆண்டு மே மாதம் ‘சமாசார் தர்ப்பண்’ என்னும் வங்காள வார இதழ் இங்கிருந்து வெளிவந்தது. அவ்வாண்டிலேயே கல்லூரியும் தோன்றியது. எல்லாச் சமயத்து இளைஞர்க்கும் அது திறந்திருந்தது. பட்டம் வழங்கும் உரிமையை டென்மார்க்கு அரசர் ஆறாம் பிரெடரிக் 1827-ஆம் ஆண்டில் பட்டயத்தால் அளித்தார். கேரி 1834-ஆம் ஆண்டில் இவ்வூரிலேயே மறைந்து, இவ்வூர் மண்ணிலேயே அடக்கமானார்.

தமிழர் இங்கே ஒரு செய்தியைப் பெருமிதத்தோடு சேர்த்துச் சொல்லலாம். செராம்பூர் அச்சகத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே, அதே டேனிஷ் கொடியின்கீழ்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் அமைத்தார். 1706-ஆம் ஆண்டில் அங்கு வந்த அவர் தமிழ் கற்று, 1715-ஆம் ஆண்டில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அண்மையிலுள்ள பொறையாற்றில் எழுத்து வார்க்கவும் காகிதம் செய்யவும் ஏற்பாடு நடந்தது. செராம்பூரிலும் அவ்வாறே காகித ஆலை எழுந்தது. 1820-ஆம் ஆண்டில் அதற்கு நீராவிப் பொறியும் பூட்டப்பட்டது. காவிரிக் கழிமுகத்திலும் கங்கைக் கழிமுகத்திலும் ஒரே முயற்சி இருமுறை நிகழ்ந்ததை அறிந்தவர் எத்தனை பேர்? டென்மார்க்கிலிருந்து வரும் விருந்தினரும் இதனைக் கேட்டு வியப்பர்.

ஆயினும் இதனோடு நின்றுவிட்டால் ஊரின் ஒருபாதியையே காட்டியவர்களாவோம். செராம்பூர் டேனிஷ்காரரின் ஊர் மட்டும் அன்று. இவ்வூரின் பகுதியாகிய மகேசத்தில் ஜகந்நாதர் தேர்த்திருவிழா 1396-ஆம் ஆண்டு முதல் நடந்து வருவதாகச் சொல்லப்படுகிறது. பூரிக்கு அடுத்தபடி பழைமையான தேர்விழா இதுவே என்று வங்காளியர் போற்றுவர். இப்போதுள்ள தேர் 1885-ஆம் ஆண்டில் செய்தது. ஏறத்தாழ ஐம்பது அடி உயரம். திருவாரூர்த் தேரைக் கண்டு வளர்ந்தவர்க்கு இதனை விளக்கப் பிறர் வேண்டா. தெற்கே அடுத்துள்ள ரிஷ்ராவில் 1855-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் சணல் நூற்பாலை தொடங்கியது. ஆற்றின் இருகரையிலும் காணும் புகைபோக்கிகள் அதன் வழிவந்தவை. அவற்றுள் பல இன்று ஓய்ந்து நிற்கின்றன. உழைப்பாளர் குடியிருப்புகளையும் மறைக்க வேண்டியதில்லை. உள்ளதை உள்ளவாறு கூறினால் கேட்பவர் மதிப்பர்.

இனி, ஊர் காட்டுவோர் பொதுவாகக் கொள்ள வேண்டிய நெறிகள் சில. முதலாவது, குறைவாகக் காட்டி நிறைவாகச் சொல்லுதல். மூன்று மணி நேரத்தில் நான்கு இடங்களே போதும். பத்து இடம் காட்டினால் பத்தும் கலங்கிவிடும். இரண்டாவது, எங்கும் ஆற்றிலிருந்து தொடங்குதல். துறை ஏன் இங்கே வந்தது, எவ்விதச் சரக்கு வந்தது, யார் சுமந்தனர் என்று கூறியபின், கட்டடங்கள் தாமே பேசத் தொடங்கும். மூன்றாவது, ஆண்டுகளை அடுக்காமல் தொடர்பைச் சொல்லுதல். கேட்பவர் எந்நாட்டினரோ அந்நாட்டோடு ஊருக்குள்ள உறவை முதலிற் கூறினால், அடுத்த செய்திக்கு அவர் செவி தானே திறக்கும். டச்சுக்காரர்க்குச் சின்சுராவும் பழவேற்காடும் 1824-ஆம் ஆண்டின் ஒரே உடன்படிக்கையால் கைமாறியதைச் சொல்லலாம். பிரெஞ்சுக்காரர்க்குச் சந்தன்நகர மக்கள் 1949-ஆம் ஆண்டில் வாக்களித்து இந்தியாவோடு இணைந்த வரலாற்றைச் சொல்லலாம்.

நான்காவது நெறி நடத்தையைப் பற்றியது. துறைப் படிகள் காட்சிப் பொருள் அல்ல. அங்கே மக்கள் நீராடுகின்றனர், முன்னோர்க்கு நீர்க்கடன் செய்கின்றனர், இறந்தாரை வழியனுப்புகின்றனர். குளிப்போரையும் துயருற்றோரையும் புகைப்படம் எடுத்தலாகாது என்பதைப் படகில் இருக்கும்போதே மென்மையாகச் சொல்லிவிட வேண்டும். கோயிலில் காலணி கழற்றுதலும், தேவாலயத்தில் வழிபாட்டு நேரத்தில் அமைதி காத்தலும் அவ்வாறே. வெயிலும் கருதத்தக்கது. ஐப்பசி முதல் பங்குனி வரை நடைக்கு ஏற்ற காலம். மற்றக் காலங்களில் காலை பத்து மணிக்குள் நடையை முடித்தல் நலம்.

ஐந்தாவது, ஊருக்குப் பயன் விளைய வேண்டும். கப்பலில் உண்டு, கப்பலில் உறங்கி, கப்பலிலேயே பொருள் வாங்கிச் செல்வோரால் ஊருக்குக் கிடைப்பது கூட்டமும் குப்பையும் மட்டுமே. முதியோரை ஊரின் மின்வண்டிகளில் ஏற்றிச் செல்லலாம். தெருமுனைக் கடையில் மண் குவளைத் தேநீர் வாங்கித் தரலாம். மிட்டாய்க் கடையில் சந்தேஷும் ரசகுல்லாவும் சுவைக்கச் செய்யலாம். பாரக்பூரில் அடங்கிய கானிங் பிரபுவின் மனைவியார் பெயரால் ‘லெடிகெனி’ என்று ஓர் இனிப்பு வழங்குகிறது என்பர். ஒரு நாவினிப்பில் ஒரு நூற்றாண்டுக் கதையைச் சொல்லிவிடலாம். விலையை முன்கூட்டியே பேசித் தெளிவாக்கிவிட்டால், விருந்தினரும் ஏமாற்றம் அடையார். கடைக்காரரும் மனம் புண்படார்.

ஆறாவது, மொழி. விருந்தினர்க்கு வங்காளச் சொற்கள் சில கற்பித்தல் நன்று. வணக்கத்துக்கு ‘நமஸ்கார்’, நன்றிக்கு ‘தன்யவாத்’, நன்றாயிருக்கிறது என்பதற்கு ‘பாலோ’ ஆகிய இவை போதும். ஊரார் முகம் மலரும். ஊர்ப் பெரியவர் ஒருவரையோ கல்லூரி மாணவர் ஒருவரையோ அழைத்து, அவர் வாயால் சில சொற்கள் கேட்பிப்பது அதனினும் நன்று. மொழிபெயர்த்துச் சொல்லும் பணியை நாம் ஏற்கலாம். தமிழ், வங்காளம், ஆங்கிலம், இந்தி எனப் பல மொழி பயின்ற பிள்ளைகள் லேக் மார்க்கெட்டுப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் பலர் உளர். இப்பணியை முறையாகக் கற்று மேற்கொள்வது அவர்களுக்குத் தகுந்த வாழ்க்கைத் தொழிலாகவும் அமையும். அரசு நடத்தும் சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சியும் உரிமமும் பெற்றுச் செய்தல் வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளுக.

கப்பலில் வருவோர்க்கு மட்டும் இவை என்று எண்ணற்க. ஹௌராவிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் அரைமணிக்குச் சற்று மிகுந்த நேரத்தில் செராம்பூரை அடையலாம். கிழக்கிந்தியாவின் முதல் ரயில் 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்ற பாதை அதுவே. எதிர்க்கரைப் பாரக்பூருக்குப் படகிற் கடந்து, வேறு ரயிலில் சியால்தாவுக்குத் திரும்பலாம். விடுமுறையில் ஊரிலிருந்து வரும் பெற்றோரையும் உறவினரையும் காளி கோயிலுக்கும் விக்டோரியா மண்டபத்துக்கும் அழைத்துச் செல்லும் நம்மவர், ஒருநாளை இவ்வாற்றங்கரைக்கும் ஒதுக்கலாம். தரங்கம்பாடியையும் பொறையாற்றையும் அறிந்த முதியவர் ஒருவர் செராம்பூர் முகப்பில் டேனிஷ் முத்திரையைக் கண்டால், அவரே நமக்கு வழிகாட்டியாகிவிடுவார்.

இக்கரையின் கட்டடங்கள் பல கவனிப்பாரற்று அழிந்தன. சில காப்பாற்றப்பட்டன. காப்பாற்றப்பட்டவற்றைக் கூர்ந்து நோக்கின் ஒன்று விளங்கும். பணம் வருமுன்னரே அவற்றின் கதையை அறிந்தவர் சிலர் இருந்தனர். அவர்கள் பிறர்க்கு எடுத்துச் சொன்னார்கள். கேட்டவர் பொருளும் உழைப்பும் ஈந்தனர். தரங்கம்பாடியின் கோட்டையும் ஆளுநர் மாளிகையும் செப்பனிடப்பட்டதும் அவ்வாறே. எடுத்துச் சொல்வார் இல்லாத ஊரில் சுவர் விழுந்தால், செங்கல் மட்டுமே விழுந்ததாக உலகம் எண்ணிக்கொள்ளும்.

விருந்தோம்பலைத் தலையாய அறமாகக் கொண்டது நம் மரபு. தம் ஊரில் விருந்தோம்புதல் எளிது. வந்து குடியேறிய ஊரில், அவ்வூரின் பெருமையை அவ்வூராரோடு சேர்ந்து நின்று விருந்தினர்க்கு எடுத்துரைத்தல் அதனினும் அரியது. நமக்கு இடந்தந்த வங்க நாட்டுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடனும் அதுவேயாம். ஹூக்ளித் துறையில் இனி ஒரு கப்பல் நங்கூரமிடும்போது, கரையில் நின்று வரவேற்போருள் தமிழர் சிலரும் இருப்பாராக.